நடுவுல நிக்கிறவன் பாடு

போன இதழ்ல "ஃபுட்பால்ல நடுவுல ஆடுற மிட்ஃபீல்டர் ஆகணும்னா என்ன பண்ணணும்"னு வந்த ஒரு கேள்விக்கு நாலு வரில பதில் சொல்லிட்டு நகந்துட்டேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் கொஞ்ச நஞ்சமில்ல, சில பேரு திட்டியே அனுப்பியிருக்காங்க, நாலு வரில சொல்ற விஷயமாய்யா இதுன்னு. சரிதான், தப்பு என்னுது. அதனால இந்த தடவ முழுசா அதேதான். ராமநாதபுரம் கடக்கரைல இருந்து வந்த கேள்விகள மட்டும் எடுத்திருக்கேன், ஏன்னா நானும் அந்த மணல்ல வெறுங்கால்ல ஓடி வளந்தவன், சென்னை கிளப்புங்க ஆடுற மெட்ராஸ் டிவிஷன் லீக்ல எட்டு சீசன் நடுவுல நின்னு அடி வாங்கிட்டு இப்ப பாம்பன் பக்கம் சாயங்காலம் பசங்களுக்கு பந்து சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்.

அண்ணே, நான் டீமுக்கு ஏழு பேரு ஆடுற செவன்ஸ்ல முன்னாடி நிக்கிற ஃபார்வர்டு. மீன்பிடித் தடைக்காலத்துல நடந்த டோர்னமென்ட்ல ஏழு கோல் போட்டேன். இப்ப ஸ்கூல் டீம்ல பி.டி. சார் என்னைய சென்டர் மிட்ஃபீல்டுல போட்டுட்டாரு. பந்தே வர மாட்டேங்குது, வந்தா நாலு பேரு சூழ்ந்துக்குறாங்க. சாரு என்னைய ஒதுக்குறாரா?
— பதினொன்னாம் வகுப்பு மாணவன், பெரியபட்டினம்

தம்பி, உன்னைய ஒதுக்கணும்னா பெஞ்சுல உக்கார வச்சிருப்பாரு. நடுவுல போட்டிருக்காருன்னா உன் கண்ணுல எதையோ பாத்திருக்காரு.

உன் கஷ்டம் எங்க இருந்து வருதுன்னு சொல்றேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கரைல கட்டிக் கெடக்கும், ஸ்கூலும் லீவு, அப்ப ஊருக்கு ஊரு செவன்ஸ்தான். நானும் அதுல வளந்தவன்தான், கொற சொல்லல. ஆனா செவன்ஸ்ல நடுவுன்னு ஒண்ணே கெடையாது. கோல்கீப்பர் கையில இருந்து ரெண்டு பாஸ், நேரா அடி. பதினொரு பேரு ஆடுற பெரிய கிரவுண்டு 105 மீட்டர் நீளம் 68 மீட்டர் அகலம், அங்க பந்து பெரும்பாலான நேரம் உங்கிட்ட இருக்காது, பந்து இல்லாத அந்த நேரத்துல நீ எங்க நிக்கிற, எதப் பாக்குறங்கறதுதான் மிட்ஃபீல்டரோட வேலையே. டிவில நம்ம பந்தையே பாத்துட்டு இருக்கறதுனால இது யாரு கண்ணுலயும் படறதில்ல.

நாலு பேரு சூழ்றாங்கன்னு சொன்னீல்ல. பந்து வந்தப்புறம் தலையத் தூக்கிப் பாக்குற, அதான் சூழ்றாங்க. பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோளுக்கும் மேல திரும்பிப் பாத்துடணும், எவன் பின்னாடி நிக்கிறான், எந்தப் பக்கம் காலியா கெடக்குதுன்னு. அப்புறம் ஒடம்ப பந்துக்கு நேரா வைக்காம பாதி திருப்பி வச்சுக்கிட்டு, பந்து வர்ற பக்கத்துக் கால்ல வாங்காம தூரத்துக் கால்ல வாங்கு. வாங்குன அந்தத் தொடுதல்லயே நீ திரும்பி முடிச்சிருப்ப, நாலு பேரும் உன் முதுகுப் பக்கம் நிப்பானுவ. இத மட்டும் ஒரு மாசம் பண்ணிட்டு எனக்கு எழுது.

உங்க ஊரு கரைவலை இழுக்குறத பாத்திருப்ப. முப்பது பேரு கயித்தப் புடிச்சு இழுத்துட்டு இருப்பாங்க, ஒரு பெரியவரு மட்டும் கயித்தத் தொடாம தண்ணியவே பாத்துட்டு நிப்பாரு, நீவாடு, அதான் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குது, வலையோட மடி எங்க வருதுன்னு. "கெழக்க வா, கெழக்க வா"ம்பாரு. வேல செய்யாம நிக்கிற மாதிரி தெரியும், ஆனா அவரு இல்லாத அன்னைக்கு வலை கோணிக்கிட்டு வரும்.

நிக்கிற எடத்துக்கு வைக்கிற நம்பர் கணக்கு உனக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லிடுறேன். டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு வர்றத வெட்டி வாங்கி முன்னாடி அனுப்புறவன் 6. நம்ம கோல் முன்னாடி இருக்குற பாக்ஸுக்கும் அவங்க பாக்ஸுக்கும் ஓடுறவன் 8. ஃபார்வர்டுக்குப் பின்னாடி நின்னு கடைசி பாஸ் குடுக்குறவன் 10. செவன்ஸ்ல ஏழு கோல் போட்டவன் 10க்குத்தான் ஆசப்படுவ, ஆனா இன்னைக்கு நெறைய டீம்ல 10ன்னு தனியா ஆளே வைக்கிறதில்ல, 8 ஆடுறவன்தான் முன்னாடி ஏறி அந்த வேலையையும் பாக்குறான். அதனால 8 கத்துக்க. கோலு வராதேன்னு கவலப்படாத. 2017ல டெல்லில நடந்த அண்டர்-17 வேர்ல்டு கப் மேட்ச்ல கொலம்பியாவுக்கு எதிரா இந்தியா போட்ட கோலு, ஃபிஃபா வேர்ல்டு கப்புன்னு ஒண்ணுல நம்ம நாடு போட்ட மொத கோலு, அதப் போட்டது ஃபார்வர்டு இல்ல. மணிப்பூர்க்கார ஜீக்சன் சிங், மிட்ஃபீல்டரு, கார்னர்ல ஏறிப் போயி தலையால முட்டுனது.

என் மகனுக்கு வயசு 14, நல்லா ஆடுறான், ஆனா உருவம் சின்னது. செலக்சனுக்கு போன எடத்துல "ஒடம்பு பத்தாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளா சாப்புடல. இனிமே வேண்டாம்னு சொல்லிரவா?
— ஒரு அம்மா, தங்கச்சிமடம்

அக்கா, ஒரு பையன் கதை சொல்றேன், அவனுக்கு சொல்லுங்க. குரோஷியாவுல சதார்னு ஒரு கடக்கரை ஊரு. சண்டையில தாத்தாவக் கொன்னுட்டாங்க, குடும்பம் வீட்ட விட்டு ஓடி வந்து ஒரு ஹோட்டல்ல அகதியா தங்கியிருந்துச்சு, பையன் அந்த ஹோட்டல் கார் நிறுத்துற எடத்துல பந்து ஒதச்சுட்டு கெடந்தான். பக்கத்து ஊரு பெரிய கிளப்பு ஹைடுக் ஸ்பிளிட், அங்க கூட்டிட்டுப் போனா சின்னப் பையன், சோனின்னு வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் டினமோ ஜாக்ரெப் எடுத்துச்சு, அவங்களும் நேரா ஆட விடல, 2003ல போஸ்னியாவுக்கு கடனா அனுப்புனாங்க, அங்க ஆட்டம்னா கால ஒடைக்கிற ஆட்டம். 2012ல ரியல் மாட்ரிட் போயி மொத வருஷமே ஸ்பெயின்ல "மோசமா வாங்குன ஆளு"ன்னு ஓட்டு போட்டு பேரு வாங்குனாரு. 2018ல வேர்ல்டு கப் ஃபைனல், அதே வருஷம் உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்குற பாலன் டி'ஓர் விருது, பத்து வருஷமா மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டும் மாத்தி மாத்தி எடுத்துட்டு இருந்தத அப்பத்தான் ஒருத்தரு பிரிச்சாரு. லூக்கா மோட்ரிச். அப்ப அவருக்கு 33 வயசு. 40 வயசுல இத்தாலில மிலானுக்கு ஆடிட்டு இருந்தாரு. ஒயரம் 172 சென்டிமீட்டர்.

14 வயசுல மீச மொளச்சவனுக்கும் மொளைக்காதவனுக்கும் ஒடம்புல ரெண்டு வருஷ வித்தியாசம் இருக்கும், செலக்சன்ல நிக்கிறவங்க பல பேரு மீசையத்தான் எடுக்குறாங்க. நானே ஒரு செலக்சன்ல ஒக்காந்திருக்கேன், எந்த அமைப்புன்னு வேண்டாம், எரநூறு பசங்க, ஆளுக்கு பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல வேகமா ஓடுறவன் தெரிவான், ஒசரமானவன் தெரிவான், மிட்ஃபீல்டர் எப்படி தெரிவான்? பந்தே ரெண்டு வாட்டிதான் வந்திருக்கும். நான் கத்திப் பாத்தேன், நடக்கல, அடுத்த தடவை என்னையக் கூப்புடல.

வேண்டாம்னு சொல்லாதீங்க அக்கா. மொதல்ல சாப்புடச் சொல்லுங்க. முட்டையும் மீனும் வீட்டுல இருக்குமே, சாளைல இருக்குறது எந்த டப்பா பவுடர்லயும் இல்ல.

மெஸ்ஸியா ரொனால்டோவா? ஒரே வார்த்தைல சொல்லவும்.
— உச்சிப்புளி

புஸ்கெட்ஸ். (பார்சிலோனாவுல மெஸ்ஸிக்குப் பின்னாடி 6 ஆடுனவரு.)

நான் துபாய்ல இருக்கேன், குடும்பம் கீழக்கரைல. மகனுக்கு 15 வயசு, ஃபுட்பால்தான் வாழ்க்கைங்குறான், அவன் உம்மாவும் சப்போர்ட். ஒரு ஏஜெண்ட் ஸ்பெயின்ல அகாடமில சேத்து ஒரு வருஷத்துல கிளப்புல கான்ட்ராக்ட் வாங்கித் தர்றேன்னு பல லட்சம் கேக்குறாரு. இதுல உண்மையிலேயே கெரியர் இருக்கா? படிப்ப நிப்பாட்டலாமா?
— ஒரு வாப்பா

பணத்தக் குடுத்துட்டீங்களா இல்லையான்னு எழுதலயே காக்கா. குடுக்கலைன்னா குடுக்காதீங்க. ஃபிஃபா ரூலு படி 18 வயசு ஆகாத பையன ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாத்தி பதிய முடியாது, சில விதிவிலக்கு இருக்கு, அப்பா அம்மா ஃபுட்பாலுக்காக இல்லாம வேற காரணத்துக்கு அந்த நாட்டுக்கு குடி போனா அது ஒண்ணு. உங்க மகன் ஸ்பெயினுக்குப் போயி ஃபீஸ் கட்டி பயிற்சி எடுக்கலாம், அது டூர் மாதிரி. கிளப்பு கான்ட்ராக்ட்டுன்னு சொன்னா பொய். அப்புறம் ஏஜெண்டுன்னா ஃபிஃபா வைக்கிற பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கணும், 2023ல இருந்து அது கட்டாயம். லைசென்ஸ் நம்பரக் கேளுங்க, பாதி பேரு அடுத்த போன எடுக்க மாட்டான்.

உண்மையான வழி மெதுவானது. மொதல்ல ஒரு பதிவான கிளப்புலயோ அகாடமிலயோ சேந்து இந்திய ஃபுட்பால் ஃபெடரேசனோட கம்ப்யூட்டர் பதிவுல, சிஆர்எஸ்னு சொல்லுவாங்க, பேரு ஏறணும். வயசு சர்டிபிகேட்ட சரியா வைங்க, ரெண்டு வயசு கொறச்சுப் போடலாம்னு சொல்ற மாஸ்டர நம்புனீங்கன்னா பின்னாடி பையன்தான் மாட்டுவான். அரசாங்கத்தோட விளையாட்டு விடுதி இருக்கு, சாப்பாடு தங்குறது எல்லாம் ஃப்ரீ, அதுக்கு வருஷா வருஷம் செலக்சன் நடக்கும், ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துல மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல போயி கேட்டா தேதி சொல்லுவாங்க. அப்புறம் மாவட்டம், ஸ்டேட் அண்டர்-17, மெட்ராஸ் டிவிஷன், அங்க இருந்து ஐ-லீக்னு பேரு இருந்த நாட்டோட ரெண்டாம் தட்டு லீக், அப்புறம் மேல்தட்டு லீக்கான ஐஎஸ்எல். இதுல ஒவ்வொரு படிலயும் முக்காவாசிப் பேரு நின்னுருவாங்க, நானும் டிவிஷன்லயே நின்னவன்தான்.

மேல போனாலும் நெலம் கெட்டியா இல்லங்கறதையும் சொல்லணும். சென்னை சிட்டி எஃப்சி 2018-19ல ஐ-லீக் சாம்பியன், கோயம்புத்தூர்ல கடைசி மேட்ச்ச ஜெயிச்சு கப்ப தூக்குனாங்க, நம்ம தமிழ்நாட்டு பசங்க எத்தனை பேரு அதுல, எட்வின் வன்ஸ்பால் அங்க இருந்துதான் சென்னையின் எஃப்சிக்குப் போனாரு. மூணு வருஷம் கழிச்சு 2021-22 ஐ-லீக்ல அந்த டீமே இல்ல. 2025 ஜூலைல ஐஎஸ்எல்லயே நிறுத்தி வச்சாங்க, ஃபெடரேசனுக்கும் லீக்க நடத்துற கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடியப் போகுது, அடுத்து என்னன்னு தெரியலன்னு. இந்தியா டீமுக்கு ஆடுறவங்களே அடுத்த மேட்ச் எப்பன்னு தெரியாம ஒக்காந்திருந்தாங்க. விசைப்படகுக்காவது எந்த தேதில கடலுக்குப் போகலாம்னு எழுதி வச்சிருக்கு.

அதனால படிப்ப நிப்பாட்டவே நிப்பாட்டாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது. பிரான்ஸுக்கு ஆடுன காண்டே இருக்காருல்ல, 22 வயசுல மூணாவது டிவிஷன்ல ஆடிட்டு இருந்தவரு, பக்கத்துல அக்கவுண்ட்ஸ் படிப்பும் படிச்சு வச்சிருந்தாரு. 25 வயசுல இங்கிலாந்துல லெஸ்டருக்கு பிரீமியர் லீக் கப்பு, அடுத்த வருஷம் செல்சிக்கு அதே கப்பு, 27ல வேர்ல்டு கப்பு. மிட்ஃபீல்டர் லேட்டாத்தான் பழுப்பான், ஆட்டத்த படிக்க வருஷம் ஆகும். அந்த வருஷங்கள்ல கைல ஒரு டிகிரி இருந்தா பையனுக்கு பயம் இருக்காது, பயம் இல்லாதவன்தான் தைரியமா பாஸ் போடுவான். தமிழ்நாட்டு அரசு வேலைல விளையாட்டுக் கோட்டா 3 சதவீதம் இருக்கு, ரயில்வே, சென்னைல ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப், போலீஸ்னு டீம் வச்சிருக்குற எடங்களும் இருக்கு. அதுக்கும் சர்டிபிகேட்டோட படிப்பும் கேப்பாங்க.

அந்தப் பல லட்சத்துல ஒரு நல்ல பூட்ஸ் வாங்கிக் குடுத்துட்டு மிச்சத்த பேங்க்ல போடுங்க.

பொண்ணுங்க மிட்ஃபீல்டர் ஆகலாமா சார்? எங்க ஊருல பொண்ணுங்க டீமே இல்ல, பசங்களோடதான் ஆடுறேன், எங்கம்மா பாசி எடுக்கப் போறவங்க, கிண்டல் பண்றாங்கன்னு அவங்களுக்கு வருத்தம்.
— பத்தாம் வகுப்பு மாணவி, மண்டபம்

ஆகலாமாவா? இந்துமதி கதிரேசன்னு பேரு கேள்விப்பட்டிருக்கியா தங்கச்சி? கடலூர்க்காரங்க, இந்தியா டீமோட மிட்ஃபீல்டரு, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2025 ஜூலைல தாய்லாந்த அவங்க ஊருலயே 2-1ன்னு ஜெயிச்சு நம்ம பொண்ணுங்க 2026 ஆசியக் கோப்பைக்குப் போனாங்க, தகுதிச் சுத்துல ஆடி ஜெயிச்சுப் போனது அதான் மொத தடவ, அந்த ரெண்டு கோலும் ஒரு மிட்ஃபீல்டரு போட்டது, சங்கீதா பாஸ்ஃபோர். பக்கத்துல மதுரைல சேது எஃப்சின்னு ஒரு பொண்ணுங்க கிளப்பு இருக்கு, பேரு நம்ம ஊரு பேரு மாதிரியே, 2018-19ல லூதியானாவுல மணிப்பூர் போலீஸ 3-1ன்னு அடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் எடுத்தவங்க. அங்க செலக்சன் எப்பன்னு விசாரி.

பசங்களோட ஆடுறது உனக்கு லாபம், வேகத்துக்குப் பழகிரும். உங்கம்மாவுக்கு ஒண்ணு சொல்லு. கழுத்தளவு தண்ணில கண்ணாடிய மாட்டிட்டு மூச்சடக்கி பாறைல கைய விட்டு பாசி எடுக்குறவங்க, அவங்களையும் ஒரு காலத்துல ஊரு பேசித்தான் இருக்கும்.

1960கள்ல நாங்க ஆடுனப்ப சென்டர் ஆஃப், லெஃப்ட் ஆஃப்னு சொல்லுவோம். மிட்ஃபீல்டர்ங்கறது அதேதானா, இல்ல புது சரக்கா?
— 78 வயது வாசகர், ராமேஸ்வரம்

அதேதான் ஐயா, சட்டை மட்டும் மாறியிருக்கு. உங்க காலத்துல ரெண்டு பேக், மூணு ஆஃப், அஞ்சு ஃபார்வர்டு. அந்த மூணு ஆஃப்ல நடுவுல நின்ன சென்டர் ஆஃப் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி எறங்கி டிஃபென்டர் ஆயிட்டாரு, சைடு ஆஃபுங்க உள்ள வந்து மிட்ஃபீல்டர் ஆயிட்டாங்க. 1962 ஜகார்த்தா ஆசியன் கேம்ஸ் ஃபைனல்ல தென்கொரியாவ 2-1ன்னு அடிச்சு தங்கம் எடுத்தோமே, ரஹீம் சாப் கோச்சு, சுனி கோஸ்வாமி கேப்டன், அந்த டீம்ல ஆஃப் எடத்துல நின்ன கோவாக்காரரு ஃபிராங்கோவ இன்னைக்குப் பசங்க யாருக்குமே தெரியல. ரேடியோ கமெண்ட்ரி நீங்க கேட்டிருந்தா அதப் பத்தி எழுதுங்க ஐயா, இந்தப் பக்கத்தையே உங்களுக்கு விட்டுத் தர்றேன்.

முட்டில ஏசிஎல் கிழிஞ்சிருச்சு. 19 வயசு. உருவி விட்டா சரியாயிரும்னு வீட்டுல சொல்றாங்க. என் ஆட்டம் முடிஞ்சுதா?
— தேவிபட்டினம்

முடியல. ஆனா உருவுறத இன்னைக்கே நிப்பாட்டு.

எனக்கு 26 வயசுல ஒரு மேட்ச்ல திரும்பறப்ப பூட்ஸ் புல்லுல மாட்டிக்கிச்சு, ஒடம்பு திரும்புச்சு, காலு திரும்பல. டொப்புன்னு ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டுச்சு. வீக்கம் ஒரு வாரத்துல வடிஞ்சது. ஒருத்தரு எண்ணெய் போட்டு உருவி மூங்கில் பத்தை வச்சுக் கட்டுனாரு, வலி போச்சு, நானும் நாலு மாசத்துல மறுபடி ஆடப் போயிட்டேன். வலி போனதுதான் வெனையே. ஏசிஎல்ங்கறது முட்டிக்குள்ள எலும்ப முன்னாடி நழுவாம புடிச்சு வச்சிருக்குற தசைநாரு, முழுசா அந்துபோச்சுன்னா பெரும்பாலும் அதுவா ஒட்டாது. அது இல்லாம ஆடுனா ஒவ்வொரு தடவ முட்டி நழுவுறப்பவும் உள்ள இருக்குற மெனிஸ்கஸ் ஜவ்வு நசுங்கும். எனக்கு அப்படித்தான் ரெண்டும் போச்சு. ஸ்கேன் எடுத்த டாக்டர், அந்தப் படத்தக் காட்டி, நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒண்ணோட போயிருக்கும்னாரு.

எம்ஆர்ஐ எடு, விளையாட்டுக் காயம் பாக்குற எலும்பு டாக்டர்கிட்ட காட்டு. ஆபரேசன் பண்ணுனா திரும்ப மேட்ச் ஆட கொறஞ்சது ஒம்பது மாசம், அவசரப்பட்டு ஆறு மாசத்துல எறங்குறவனுக்குத்தான் மறுபடி கிழியுது. சென்னையின் எஃப்சி 2017-18ல ஐஎஸ்எல் கப்பு அடிச்சப்ப நடுவுல தூண் மாதிரி நின்ன நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ், கோவாவுக்கு எதிரா செமி ஃபைனல்ல கோலும் போட்டவரு, முட்டி காயத்துல அடுத்த சீசன் முழுக்க வெளில ஒக்காந்தாரு. திரும்பி வந்து ஆடுனாரு. ஸ்பெயின்ல சாந்தி கசோர்லான்னு ஒரு மிட்ஃபீல்டரு, கணுக்கால்ல கிருமி புகுந்து குதிகால் தசைநாரையே தின்னுருச்சு, மகனோட சேந்து தோட்டத்துல நடந்தாலே பெருசுன்னு டாக்டருங்க சொன்னாங்க, கைத்தோல வெட்டி கால்ல ஒட்டுனாங்க, கைல பச்ச குத்தியிருந்த பொண்ணு பேருல பாதி இப்ப கால்ல இருக்கு. 2018ல மறுபடி கிரவுண்டுக்கு வந்தாரு, 2019ல ஸ்பெயின் டீமுக்கே ஆடுனாரு.

மணல்ல ஓடி கால தேத்தலாம்னு யாராச்சும் சொல்லுவான். பிசியோ சொல்ற வரைக்கும் வேண்டாம், மணல்ல ஓடுறதுக்கு கெட்டித் தரைய விட ஒன்றரை மடங்குக்கு மேல சக்தி போகும், பாதமும் நிலையா நிக்காது. ஆறின முட்டிக்கு அது மருந்து, ஆறாத முட்டிக்கு அதுவே வில்லன்.

தனியா பிராக்டிஸ் பண்ண என்ன செய்யணும்? எங்க ஊருல என்கூட ஆட ஆளே இல்ல.
— எட்டாம் வகுப்பு, ஓலைக்குடா

ஒரு சொவரு இருக்கா? போதும். வலது கால்ல அம்பது, இடது கால்ல அம்பது, சொவத்துல அடிச்சு திரும்பி வர்றத ஒரே தொடுதல்ல நிப்பாட்டு. மணல்ல பந்து உருளாது, உங்க கால் எல்லாம் பந்த தூக்கித் தூக்கியே பழகியிருக்கும், அதனால சிமெண்ட் தரையோ கெட்டி மண்ணோ பாத்து ஆடு.

அப்புறம் உன் தங்கச்சியோ பாட்டியோ யாரையாச்சும் பின்னாடி நிக்க வச்சுக்க. இங்க நான் பசங்களுக்குப் பண்றது இதான், ரெண்டு மீன் கூடைய ரெண்டு பக்கமும் வச்சு வாசல் மாதிரி பண்ணி, பையன் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு பந்து சொவத்துல இருந்து வர்றப்ப வெரலக் காட்டுவேன். பந்து கால்ல படறதுக்குள்ள திரும்பிப் பாத்து எத்தனை வெரலுன்னு கத்தணும், கத்திட்டு, ஒத்தப்படைன்னா பந்த இடது கூடைப் பக்கம் தள்ளணும், ரெட்டப்படைன்னா வலது பக்கம். மொத வாரம் எவனுக்குமே வராது, பந்து காலுக்கடில போயிரும், இல்ல மூணக் காட்டுனா அஞ்சும்பானுவ. போன செவ்வாக்கெழம பாம்பன்ல ஒரு ஒம்பது வயசுப் பய, வெரலப் பாக்குறதுக்கு பதிலா என் முகத்தப் பாத்துட்டு "அண்ணே உங்க பின்னாடி நாய் வருது"ன்னான். வந்துச்சு. அவன நான் 6ல போட்டுருக்கேன்.

பாட்டி வெரல் காட்டலைன்னா எனக்கு எழுது. சனிக்கெழம சாயங்காலம் கச்சான் காத்து கொஞ்சம் அடங்குனப்புறம் நான் பாம்பன்லதான் இருப்பேன், பஸ் ஏறி வந்துரு.